மணிலாவின் சான் அகுஸ்தின் அருங்காட்சியகம்: லெகாஸ்பியைத் தேடிச் செல்பவர்களுக்கு

பிலிப்பீன்ஸின் முதல் ஸ்பானிய ஆளுநரான மிகெல் லோப்பெஸ் தெ லெகாஸ்பியைப் பற்றிப் படித்துவிட்டு, அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மணிலாவின் சான் அகுஸ்தின் தேவாலயத்துக்கும் அதை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கும் செல்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. இது லெகாஸ்பியின் வாழ்க்கையைச் சொல்வதற்காக ஏற்பட்ட இடம் அல்ல. அகுஸ்தினார் சபைத் துறவிகள் தங்கள் பழைய மடத்தில், தங்கள் சபை நான்கு நூற்றாண்டுகளாகச் சேர்த்த சுரூபங்களையும் ஓவியங்களையும் திருவுடைகளையும் ஏடுகளையும் வைத்திருக்கும் இடம் இது. அந்தச் சபையினரைத் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர் என்ற முறையில் லெகாஸ்பிக்கு இங்கே மரியாதையான ஓர் இடம் இருக்கிறது. ஆனால் கதையின் நாயகர் அவர் அல்லர். அவருடைய வாழ்க்கையை ஓரளவு அறிந்துகொண்டு போனால் இந்தக் கட்டடத்தில் கல்லுக்குக் கல் பேசும். அறியாமல் போனால் அழகான பழைய தேவாலயம் ஒன்றைப் பார்த்த திருப்தியோடு திரும்ப வேண்டியதுதான்.

எனவே, போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். லெகாஸ்பி ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டுப் பகுதியிலுள்ள சுமார்ராகா என்னும் ஊரில் பிறந்தவர். 1528இல் மெக்சிகோவுக்குச் சென்றார். அமெரிக்கக் கண்டத்தின் பேரரசுகளை வாளால் வென்ற கோர்த்தேஸ், பிசார்ரோ போன்ற பெயர்களோடு சேர்த்து அவரையும் படையெடுப்பாளர் என்று வரலாறு எழுதினாலும், அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது வாளோடு அல்ல, மெக்சிகோ நகர மன்றத்தின் எழுத்தராக, காகிதத்தோடும் முத்திரையோடும். திருமணம் செய்துகொண்டார், ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார், மனைவி இசபெல் கார்சேஸை இழந்தார், சொத்து சேர்த்தார். ஐம்பது வயதைத் தாண்டி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்ட நிலையில்தான் பசிபிக்கைக் கடக்கும் படைக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தது. அதற்காகத் தன் சொத்தின் பெரும்பகுதியை விற்றார்.

1564 நவம்பர் 21 அன்று மெக்சிகோவின் மேற்குக் கரையிலுள்ள நவிதாத் துறைமுகத்திலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. கடல்வழி தெரிந்தவர் லெகாஸ்பி அல்லர். முன்னாளில் மாலுமியாக இருந்து பிறகு அகுஸ்தினார் சபையில் சேர்ந்த அந்திரேஸ் தெ உர்தனேதா. பிலிப்பீன்ஸ் தீவுகள் போர்ச்சுக்கலுடன் 1529இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஸ்பெயினுக்கு உரியவை அல்ல என்பது உர்தனேதாவின் கருத்து. ஆகவே கப்பல்கள் நியூ கினியை நோக்கிப் போகும் என்று நம்பித்தான் அவர் ஏறினார். ஆனால் மெக்சிகோவின் அரசு மன்றம் லெகாஸ்பியிடம் முத்திரையிட்ட ஓர் உறையைக் கொடுத்து, நடுக்கடலில்தான் திறக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தது. திறந்தபோது உள்ளே இருந்தது பிலிப்பீன்ஸுக்குச் செல்லும் ஆணை. துறவிகள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகக் குமுறினார்கள். ஆனாலும் கப்பல்கள் திரும்பவில்லை. மணிலாவுக்கு அகுஸ்தினார் சபை வந்து சேர்ந்ததன் தொடக்கத்தில் இப்படி ஒரு மூடிய உறை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர்களுடைய மடத்தின் தாழ்வாரங்களில் நடப்பது தனிச் சுவையுடையது.

1565 மார்ச்சில் போஹோல் தீவின் தலைவர் சிகதுனாவுடன் லெகாஸ்பி இரத்த உடன்படிக்கை செய்துகொண்டார்: இருவரும் உடலில் கீறி, வடிந்த இரத்தத்தை மதுவில் கலந்து பருகினார்கள். பள்ளிப் பாடநூல்கள் இதை நட்பின் தொடக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு முன்பு மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் தங்களை ஸ்பானியர் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தீவைச் சூறையாடியிருந்தார்கள், அதனால்தான் மக்கள் வெள்ளைக்காரரைக் கண்டு மலைக்கு ஓடினார்கள் என்ற செய்தியையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சடங்கு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். அடுத்த மாதம், ஏப்ரல் 27 அன்று செபுவை அடைந்தபோது சடங்கு எதுவும் நடக்கவில்லை. பீரங்கிகள் முழங்கின, கரையோரக் குடியிருப்பு எரிந்தது. எரியாமல் எஞ்சிய வீடு ஒன்றில், 1521இல் மகெல்லன் செபுவின் அரசிக்குக் கொடுத்த குழந்தை இயேசுவின் சுரூபத்தை ஒரு படைவீரன் கண்டெடுத்தான். அந்தச் சுரூபம் இன்றும் செபுவில்தான் இருக்கிறது. அதை மணிலாவில் தேடிப் பயனில்லை.

செபுவின் தலைவர் துபாஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படிக்கும்போதுதான் லெகாஸ்பி யார் என்பது எனக்குத் தெளிவானது. நட்பு, பாதுகாப்பு, நியாயமான வணிகம் என்று வரிகள் இனிமையாகவே ஓடுகின்றன. ஆனால் உள்ளூர்க்காரர்கள் ஸ்பானியர் குடியிருப்புக்குள் ஆயுதத்தோடு வரக் கூடாது என்ற நிபந்தனையும் அதே தாளில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் நகர மன்றத்தில் எழுத்தராக இருந்தவரின் கை அது. குவாமில் இறங்கினாலும் செபுவில் இறங்கினாலும், இந்த மண் இன்று முதல் அரசர் பிலிப்புக்கு உரியது என்று முறைப்படி எழுதிப் பதிவு செய்த பிறகே அவர் அடுத்த வேலையைப் பார்த்தார். மற்றவர்கள் வெட்டிப் பிடித்ததை அவர் எழுதிப் பிடித்தார் என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மைதான், ஏனெனில் எழுத்து போதாத இடத்தில் வெட்டுவதற்குத் தளபதி மார்த்தின் தெ கொய்தியும் பேரன் ஹுவான் தெ சல்செதோவும் இருந்தார்கள். 1570 மே மாதம் கொய்தி மணிலாவைத் தாக்கியபோது ராஜா சுலைமானின் ஊர் எரிந்து சாம்பலானது. மறு ஆண்டு லெகாஸ்பி தாமே வந்தார். 1571 ஜூன் 3 அன்று பங்குசாய் நீர்வழியில் நடந்த சண்டையில் எதிர்ப்பு முறியடிக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் நாள் மணிலா ஸ்பானிய நகரமாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஆண்டும் சில வாரங்களும்தான் அவர் அந்த நகரத்தில் வாழ்ந்தார். 1572 ஆகஸ்ட் 20 அன்று திடீரென்று இறந்தார். கையில் பணம் இல்லை.

இனி, போய்ப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருவோம். சான் அகுஸ்தின், கோட்டை மதிலுக்குள் அடங்கிய பழைய நகரமான இந்த்ராமுரோஸில் இருக்கிறது. நகர ரயிலில் சென்ட்ரல் டெர்மினல் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். வெயில் ஏறுவதற்கு முன்பு என்றால் நடை சுகமாகவே இருக்கும். மதில்வாசலிலேயே குதிரை வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஏறுவதற்கு முன்பே, தலைக்கு எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை ஐயமின்றிப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். என் போன்றவர்கள் பேசாமல் ஏறி, இறங்கும்போது பேசியிருக்கிறோம்.

முகப்பு முதல் பார்வைக்குச் சற்று ஏமாற்றம் தரும். ஐரோப்பிய பரோக் தேவாலயங்களின் ஆடம்பரத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது கனத்த, அடக்கமான, கோட்டை போன்ற கட்டடமாகத் தெரியும். மணிக்கோபுரம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் முகமே ஒருபுறம் சாய்ந்ததுபோல் தோன்றுகிறது. 1863, 1880 நிலநடுக்கங்களில் சிதைந்த மற்றொரு கோபுரத்தை அகற்றிவிட்டார்கள். முற்றத்தில் கருங்கல்லில் செதுக்கிய சீனச் சிங்கங்கள் காவலிருக்கின்றன. கிறிஸ்தவ ஆலயத்தின் வாசலில் சீனச் சிங்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை லெகாஸ்பியின் கதையிலேயே உள்ளது. அவர் மணிலாவைத் தேர்ந்ததற்கு அதன் துறைமுகமும் அங்கே ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சீன வணிகர்களும் முக்கியக் காரணங்கள். 1565இல் செபுவிலிருந்து உர்தனேதா வடக்கே ஏறி, மேற்குக் காற்றைப் பிடித்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்குத் திரும்பும் வழியைக் காட்டியிருந்தார்; அந்த வழியில்தான் சீனப் பட்டும் மெக்சிகோ வெள்ளியும் 1815 வரை இரு திசையிலும் பயணம் செய்தன. ஊரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தச் சிங்கங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன.

லெகாஸ்பி இறந்தபோது இந்தக் கல் கட்டடம் இல்லை. அவரை அடக்கம் செய்த தேவாலயம் மூங்கிலாலும் நீப்பா என்னும் பனையின் ஓலையாலும் ஆனது. சீனக் கடற்கொள்ளைத் தலைவன் லிமாஹோங் 1574இல் மணிலாவைத் தாக்கியபோது அது எரிந்தது. அந்தத் தாக்குதலில்தான் கொய்தியும் உயிரிழந்தார். மரத்தால் கட்டிய இரண்டாவது தேவாலயம் 1583இல், இன்னோர் ஆளுநரான கொன்சாலோ ரொன்கில்யோவின் இறுதிச் சடங்கின்போது, பாடையருகே எரிந்த மெழுகுவர்த்தி திரைச்சீலையில் பற்றியதால் எரிந்துபோனது. ஓர் ஆளுநர் உறங்கும் ஆலயத்தை மற்றோர் ஆளுநரின் சாவு எரித்தது என்பது எந்தக் கதாசிரியரும் எழுதத் தயங்கும் நிகழ்ச்சி. அதன் பிறகுதான் கல்லால் கட்டத் துணிந்தார்கள். 1587இல் தொடங்கி 1607இல் முடித்த அந்தக் கட்டடமே இப்போது நாம் பார்ப்பது; 1993இல் பிலிப்பீன்ஸின் வேறு மூன்று பரோக் தேவாலயங்களோடு சேர்த்து இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கல்லறை, பிரதான பீடத்துக்கு இடப்பக்கத்திலுள்ள சிற்றாலயத்தில் இருக்கிறது. படுத்த நிலையில் லெகாஸ்பியின் சிலை, அளவான அலங்காரம். இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சிலை நமக்கு நன்மை செய்யவில்லை. ஸ்பெயினின் தேவாலயங்களில் பெருந்தளபதிகளுக்குக் கிடைக்கும் தோரணை இங்கே எழுத்தர் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. கணக்குப் பார்த்த, கடிதம் எழுதிய, உணவில்லாமல் செபுவிலிருந்து பனாய் தீவுக்குக் குடிபெயர்ந்த, வீரர்களின் சம்பளத்துக்காக மெக்சிகோவைக் கெஞ்சிய மனிதர் இதில் தெரியவில்லை. சிலையின் முன்பு நேரத்தைச் செலவிடுவதைவிட மேலே அண்ணாந்து பார்ப்பது பயனுடையது. இத்தாலிய ஓவியர்களான அல்பெரோனியும் திபெல்லாவும் 1875இல் தீட்டிய கூரை அது. செதுக்கிய பூவேலை என்றும் குடைந்த மாடம் என்றும் கண் நம்பிவிடும். உண்மையில் அத்தனையும் தட்டையான பரப்பில் தீட்டிய வண்ணம்.

ஞாயிறும் சனியும் இங்கே வருவதைத் தவிர்க்கவும். மணிலாவின் வசதியான குடும்பங்கள் திருமணத்துக்கு விரும்பித் தேடும் தேவாலயம் இது. மணமக்கள் நடந்து வரும் நேரத்தில் பீடத்தருகே போய்க் கல்லறை தேடுவது நாகரிகமும் அன்று, நடக்கவும் நடக்காது. வாரநாள் காலையே சிறந்தது. திருப்பலி நேரத்தில் தேவாலயம் எல்லாருக்கும் திறந்திருக்கும். மற்ற நேரங்களில் அருங்காட்சியகத்தின் வழியாகவே உள்ளே வர வேண்டியிருக்கும். மதிய உணவு நேரத்தில் அருங்காட்சியகத்தை மூடுவது வழக்கமாதலால், பதினொன்றரைக்கு வந்து நிற்பவர்கள் அரைகுறையாகப் பார்த்துவிட்டு வெளியேற நேரிடும்.

அருங்காட்சியகத்தின் வாசலிலேயே மூன்று டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள பழைய மணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்தால் நடுவே தோட்டமும் சுற்றிலும் நீண்ட தாழ்வாரமுமாக மடம் விரிகிறது. தாழ்வாரச் சுவர்களில் புனிதர்களின் ஆளுயர எண்ணெய் ஓவியங்கள். காற்றோட்டமும் நிழலும் உண்டு. தந்தத்தில் செதுக்கிய சுரூபங்கள் பல, கண்களின் வடிவத்தில் செய்தவரின் இனத்தைக் காட்டிக்கொடுக்கின்றன: மணிலாவில் குடியேறிய சீனக் கைவினைஞர்கள் ஐரோப்பியப் புனிதர்களைச் செதுக்கியபோது தம் ஊர் முகங்களையும் சேர்த்தே செதுக்கினார்கள். மாடியேறிப் பாடகர் மேடைக்குச் சென்றால், மோலாவே மரத்தில் செதுக்கிய பழைய இருக்கைகளையும், அங்கிருந்து தேவாலயம் முழுவதையும் பார்க்கலாம். கூரையின் கண்கட்டு அங்கிருந்துதான் முழுமையாக விளங்குகிறது. படிகள் அகலமானவை, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிதல்ல. பிலிப்பீன்ஸின் தாவரங்களைப் பட்டியலிட்ட துறவி மானுவேல் பிளாங்கோவின் பெயரால் அமைந்த தோட்டமும் இருக்கிறது. தாவரவியலில் ஆர்வமில்லாதவர்களுக்கு அது உட்கார்ந்து இளைப்பாறும் இடம்.

நிலவறைப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிட வேண்டாம். ஓவியர் ஹுவான் லூனாவின் எச்சங்கள் அங்கே உள்ளன. லெகாஸ்பியும் சிகதுனாவும் கோப்பையை உயர்த்தும் காட்சியை 1886இல் வரைந்தவர் அவர்; இன்று உலகம் மனக்கண்ணில் காணும் லெகாஸ்பி பெரும்பாலும் லூனா வரைந்த லெகாஸ்பிதான். வரையப்பட்டவரும் வரைந்தவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். அந்த ஓவியத்தில் லெகாஸ்பியின் முகம் நமக்குத் தெரிகிறது, சிகதுனாவோ நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடத்தின் குறையும் அதுவே. இங்கே வருகிறவருக்கு சுலைமானும், பக்கத்து ஊரான தொண்டோவின் தலைவர் லகன்துலாவும், மூத்த அரசர் மதந்தாவும் யார் என்று அறிய வழி குறைவு. வந்தவர்களின் சபை நடத்தும் காட்சிக்கூடத்தில் இருந்தவர்களின் கதையை எதிர்பார்ப்பது ஒருவகையில் நியாயமுமன்று. அதற்குப் பத்து நிமிட நடையில் சந்தியாகோ கோட்டை இருக்கிறது. பாசிக் ஆற்றின் முகத்தில் சுலைமானின் மரக்கோட்டை நின்ற அதே இடத்தில் எழுந்தது அது. ஆனால் அங்கே போனால் 1896இல் அங்கே சிறையிருந்து, பிறகு வெளியே கொண்டுபோய்ச் சுடப்பட்ட தேசிய நாயகர் ஹோசே ரிசாலின் நினைவே எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது; சுலைமானைத் தேடி வந்தவர் அங்கும் கொஞ்சம் ஏமாறுவார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கட்டடத்தோடு எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. அது பெருமைப்படும்படியானது அன்று. ஏழாண்டுப் போரின்போது 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை புறப்பட்டது சென்னையிலிருந்து. கர்னல் டிரேப்பரும் கடற்படைத் தலைவர் கார்னிஷும் நடத்திச் சென்ற அந்தப் படையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் லஸ்கர்கள் என்னும் கப்பல் தொழிலாளர்களும் இருந்தார்கள். அக்டோபரில் இந்த்ராமுரோஸ் வீழ்ந்தது, நகரம் சூறையாடப்பட்டது, சான் அகுஸ்தினும் தப்பவில்லை. 1764இல் பிரிட்டிஷார் விலகியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைந்தாவிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறி, அங்கேயே மணம்புரிந்து கலந்துபோனார்கள். லெகாஸ்பி நிறுவிய நகரத்தை அவருக்குப் பின் வெளிநாட்டார் கைப்பற்றிய முதல் நிகழ்ச்சியில் நம் கரையிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள் என்பதை அறிந்துகொண்டு அந்தத் தூண்களுக்கிடையே நடந்தால், வேடிக்கை பார்க்க வந்தவர் என்ற நிலை சற்றே மாறிவிடுகிறது.

1945 பிப்ரவரியில் நடந்த மணிலாப் போர் இந்த்ராமுரோஸை இடிபாடாக்கியது. மதிலுக்குள் இருந்த ஏழு தேவாலயங்களில் நின்றது இது ஒன்று மட்டுமே. மடத்தின் பெரும்பகுதி அழிந்து, பிறகு திருப்பிக் கட்டப்பட்டது. ஆகவே, இங்கே எது பழையது, எது மீட்டெடுத்தது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணும் வேண்டும். தெருவின் எதிர்ப்புறத்தில் உள்ள காசா மணிலா என்னும் மாளிகை முழுவதுமே பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டைப்போல் பின்னாளில் கட்டியது. நன்றாகச் செய்திருக்கிறார்கள், பார்க்கலாம், ஆனால் லெகாஸ்பியின் காலத்துக்கும் அதற்கும் முந்நூறு ஆண்டு இடைவெளி.

கட்டணத்துக்கு மதிப்புண்டா என்று கேட்டால், உண்டு. பாடகர் மேடைக்கும் தந்தச் சுரூபங்களுக்குமே உண்டு. பயணக்குழுவோடு வந்து நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொள்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அரைநாள் ஒதுக்க முடிந்தவர்கள் மடத்தை முடித்துக்கொண்டு மதிலுக்கு வெளியே, கடற்பக்கமாக வந்து, காத்தலான் சிற்பி அகுஸ்தி கெரோல் வடித்த லெகாஸ்பி - உர்தனேதா வெண்கலச் சிலையையும் பாருங்கள். ஸ்பெயினின் ஆட்சி முடியும் தறுவாயில் வடித்த அந்தச் சிலையை நிறுவியவர்கள் பின்னால் வந்த அமெரிக்கர்கள். ஒருவர் ஆட்சியின் பெயராலும் மற்றவர் சிலுவையோடும் அருகருகே நிற்கிறார்கள். கல்லறைச் சிலையைவிட இது உண்மைக்கு நெருக்கமானது, ஏனென்றால் உர்தனேதா இல்லாமல் லெகாஸ்பி இல்லை. போக்குவரத்து மிகுந்த சாலை, ஆகவே கடக்கும்போது கவனம் தேவை.

மாலையில் நேரம் இருந்தால் வாடகைக் கார் பிடித்து மலாத்தே வரை போய் வரலாம். அங்கே கடற்சாலையோரச் சதுக்கத்தில் ராஜா சுலைமானுக்குச் சிலை இருக்கிறது. அவருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலாத்தே தேவாலயத்தையும் நிறுவியவர்கள் அகுஸ்தினார் சபையினரே. 1762இல் சென்னையிலிருந்து வந்த படை கரையிறங்கி, மதில்களைத் தாக்கத் தன் தளமாக்கிக்கொண்டதும் அந்த மலாத்தேயைத்தான்.